உப்பனாற்றங்கரையில் பத்து நாள்

கோடைக்காலம் பிறந்ததும் பட்டணத்துக் குடும்பங்கள் மலையை நோக்கிப் பிரயாணப்படுவது நெடுநாளைய வழக்கம். உதகமண்டலம், கொடைக்கானல், ஏற்காடு என்று சொல்லும்போதே நாக்குக் குளிர்ந்து போகிறது. மேலே ஏற ஏறச் சரீரமும் குளிர்கிறது, பணப்பையும் லேசாகிறது. சென்ற சித்திரைக் கடைசியில், அக்கினி நட்சத்திரம் தொடங்கும் சமயத்தில், நாங்கள் கடலூருக்குப் போகிறோம் என்று சொன்னபோது நண்பர்கள் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்கள். "வெயிலுக்குப் பயந்து அடுப்படியில் போய் உட்காருவாருண்டோ?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் நாங்கள் வெயிலுக்குப் பயந்து புறப்படவில்லை.

நாங்கள் என்றால் நால்வர்: பள்ளி ஆசிரியை ஒருவர், தபாலாபீஸில் உத்தியோகம் பார்ப்பவர் ஒருவர், கல்லூரி மாணவிகள் இருவர். இவர்களில் இருவர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகும் கிறிஸ்தவர்கள். மற்ற இருவர் பிரதோஷம் தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்கள். தமிழில் இரண்டுக்கும் 'கோயில்' என்றே பெயர் இருப்பதால் எங்களுக்குள் சச்சரவுக்கு இடமே ஏற்பட்டதில்லை.

பள்ளிக்கூடங்கள் மூடிய பிறகு மே மாதத்தில் நம் நாட்டுத் திருச்சபைகள் பலவற்றில் குழந்தைகளுக்காக 'விடுமுறை வேதாகமப் பள்ளி' நடத்துவார்கள். பாட்டு, கதை, சித்திரம், விளையாட்டு என்று பத்து நாள் அமர்க்களப்படும். கடலூர்ப் பழைய நகரத்தை அடுத்து உப்பனாறு ஓடுகிறது. அதைத் தாண்டினால் ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிய மணல் திட்டு. அதன்மேல் மீனவர் குப்பங்கள். தீவு என்று சொல்லிவிடலாம். ஒரு பக்கத்தில் மட்டும் நிலம் தொட்டுக்கொண்டிருப்பதால் ஏறக்குறையத் தீவு என்று சொல்வதே பொருத்தம். அங்கே ஒரு கொட்டகையில் நடக்கவிருந்த பள்ளிக்கு உதவியாளர் வேண்டுமென்று எங்கள் நண்பரான போதகர் எழுதியிருந்தார். காலையில் தொண்டு, மாலையில் ஊர் பார்ப்பது என்று திட்டம் போட்டுக்கொண்டு ரயில் ஏறினோம்.

ஊர் பார்ப்பதற்குக் கடலூரில் விஷயம் இல்லாமலில்லை. அப்பர் பெருமானைக் கல்லோடு பிணைத்துக் கடலில் எறிந்தபோது, அக்கல்லே தெப்பமாகி அவரைக் கரைசேர்த்த இடம் இதுவென்பது ஐதிகம். திருப்பாதிரிப்புலியூர்க் கோயிலில் அந்தக் கதையைச் சொல்லாதவர் கிடையாது. 'கரையேறவிட்ட குப்பம்' என்று ஓர் ஊரே இருக்கிறது. தேவனாம்பட்டினத்தருகே செயின்ட் டேவிட் கோட்டையின் சிதைவுகளைப் பார்த்தோம். 1690-ஆம் வருஷத்தில் ஆங்கிலக் கம்பெனியார் அதைச் செஞ்சியிலிருந்த மராட்டியரிடம் விலைக்கு வாங்கினார்கள். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரத்தில் விழுமோ அவ்வளவு தூரம் வரையிலுள்ள கிராமங்களும் கோட்டையைச் சேர்ந்தவை என்பது உடன்படிக்கை. வாங்குகிறவன் கையில் பீரங்கி இருக்கும்போது இத்தகைய அளவுகோல் எவ்வளவு சௌகரியமானது! நல்ல பெரிய பீரங்கியாகப் பார்த்துச் சுட்டார்கள். 'குண்டு சாலை' என்ற பெயர் இன்றைக்கும் ஊரில் வழங்குகிறது. 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமானதும் சில வருஷ காலம் இக்கோட்டையே கம்பெனியாரின் தலைமை இடமாக விளங்கியது. 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி இதைப் பிடித்து இடித்துத் தள்ளினார். இப்போது எஞ்சியிருக்கும் சுவரின் மேல் ஆடு மேய்கிறது.

கடலூர்ச் சிறைச்சாலையின் மதிற்சுவரையும் வெளியிலிருந்து பார்த்துக் கும்பிட்டோம். புதுச்சேரியில் பத்து வருஷம் அஞ்ஞாத வாசம் செய்த பாரதியார், 1918-ஆம் வருஷம் நவம்பர் 20-ஆம் தேதி ஆங்கிலேயர் எல்லைக்குள் அடியெடுத்து வைத்ததும் கைது செய்யப்பட்டு, டிசம்பர் 14-ஆம் தேதி வரையில் கடலூர்ச் சிறையில்தான் இருந்தார். பழைய நகரத்தில் பிறந்த அஞ்சலையம்மாளை மட்டும் மறந்துவிடலாமா? 1927-இல் சென்னையில் நடந்த நீல் சிலைச் சத்தியாக்கிரகத்தில் தம் சிறு பெண்ணையும் அழைத்துக்கொண்டு சிறை புகுந்த வீராங்கனை அவர்.

இதே ஊரில் கிறிஸ்தவத் தொண்டுக்கும் நீண்ட சரித்திரம் உண்டு. 1737-இல் இங்கே புரொட்டஸ்டண்டு மிஷன் ஒன்று ஆரம்பமாயிற்று. 1740-இல் கீர்நாண்டர் என்ற ஸ்வீடன் தேசத்துப் போதகர் வந்து சேர்ந்து, பள்ளிக்கூடம் நடத்திப் பதினெட்டு வருஷம் உழைத்தார். 1749-இல் ஆங்கிலேயத் தளபதி பாஸ்கவன் கத்தோலிக்கருடைய கோயில் ஒன்றை அவர்களிடமிருந்து எடுத்து இந்த மிஷனிடம் ஒப்படைத்தார். 1758-இல் லாலியின் படை வந்ததும் கீர்நாண்டர் ஊரைவிட்டு வெளியேறிக் கல்கத்தாவுக்குப் போய்விட்டார். பீரங்கியின் துணையோடு கைமாறிய கோயில். பீரங்கியின் சத்தம் கேட்டதும் நின்றுபோன பள்ளிக்கூடம். அவருடைய உழைப்பைக் குறைத்துச் சொல்வதற்காக இதைக் குறிப்பிடவில்லை. தொண்டு யாருடைய கப்பலில் வந்து இறங்குகிறது என்பதைக் கரையில் நிற்கிறவர்கள் எப்போதும் கவனித்து வந்திருக்கிறார்கள் என்பதுதான் விஷயம். அக்கரைக் குப்பத்தில் எங்களையும் அப்படித்தான் கவனித்தார்கள்.

மே மாதம் மீனவருக்குக் கையிறுக்கமான காலம். மீன்கள் இனப்பெருக்கம் செய்வதற்காகக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாதென்று தடை இருக்கிறது. சர்க்கார் நிவாரணத் தொகை கொடுக்கிறார்கள். என்றாலும் குடும்பம் பெரிது, தொகை சிறிது. படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்க, ஆண்கள் நிழல் தேடி உட்கார்ந்து வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த நிலையில், எங்கள் கொட்டகையில் நடுப்பகலில் குழந்தைகளுக்குச் சோறும் சாம்பாரும் முட்டையும் போட்டோம். முதல் நாள் முப்பது குழந்தைகள் வந்தார்கள். இரண்டாம் நாள் அறுபது. மூன்றாம் நாள் எண்ணுவதற்கு அவர்கள் ஓரிடத்தில் நின்றால்தானே!

மூன்றாம் நாள் மாலை வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் போதகரைக் கூப்பிட்டார்.

"ஐயா, புள்ளைங்களுக்குச் சோறு போடுறீங்க. ரொம்ப சந்தோஷம். ஆனா ஊரிலே ஒரு பேச்சு இருக்கு. சோத்தைக் காட்டிப் புள்ளைங்க சாமியை மாத்திடுவாங்களோன்னு கேக்கிறாங்க. கேட்டாத் தப்பா?"

எங்களுக்குச் சுருக்கென்றது. எங்களில் பாதிப்பேர் சிவன் கோயிலுக்குப் போகிறவர்கள் என்று சொல்லிச் சமாதானப்படுத்தலாமா என்றுகூடத் தோன்றியது. போதகர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. தாமும் மணலில் உட்கார்ந்துகொண்டார்.

"கேட்டது தப்பே இல்லை. நாளை முதல் பாட்டுக்கும் வேதக் கதைக்கும் தனி மணி. பெற்றவர்கள் சொல்லி அனுப்பும் குழந்தைகள் மட்டும் அதற்கு வரட்டும். மற்றவர்களுக்கு அதே நேரத்தில் கணக்கும் சித்திரமும் நடக்கும். பந்தி எல்லோருக்கும் பொது. உங்கள் தெருவிலிருந்தே தினம் இரண்டு பேர் வந்து சமையலையும் பார்க்கட்டும், பாடத்தையும் பார்க்கட்டும்."

பெரியவர் தலையை அசைத்தார். மறுநாள் பாட்டுக்குப் பதினெட்டுக் குழந்தைகள் போனார்கள். மற்றவர்கள் எங்களிடம் வந்தார்கள். சாதம் வடிக்க இரண்டு தாய்மார்கள் வந்து, முதல் காரியமாக எங்கள் சாம்பாரைத் திருத்தினார்கள். ஐந்தாம் நாள் பெரியவரே வலை ஊசியோடு வந்து சேர்ந்தார். முடிச்சுப் போடும் வித்தையை அவர் சொல்லிக் கொடுக்க, குழந்தைகள் உடனே பிடித்துக்கொண்டார்கள். பட்டதாரி ஆசிரியைக்கும் தபாலாபீஸ்காரருக்கும் மட்டும் முடிச்சு விழவே இல்லை. கொட்டகை முழுவதும் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று.

சித்திர வகுப்பில் மீன் வரையச் சொன்னோம். எங்களுக்குத் தெரிந்த மீன் நெத்திலி, வஞ்சிரம், சுறா, அவ்வளவுதான். அவர்களோ சங்கரா, பாறை, காரல், கானாங்கெளுத்தி, கிழங்கான் என்று அடுக்கிக்கொண்டே போனார்கள். கொண்டல், கச்சான், வாடை என்று காற்றுக்குக் காற்று பெயர் சொன்னார்கள். நாற்பதுக்கு மேற்பட்ட மீன்களை ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் வரைந்து, ஒவ்வொன்றின் கீழும் பெயர், அகப்படும் மாதம், போடும் வலை எல்லாவற்றையும் எழுதி வைத்தோம்; எழுதியவர்கள் அவர்கள், எழுத்துப் பிழை திருத்தியது நாங்கள்.

அந்தக் குப்பத்தில் ஓர் ஆயா இருந்தாள். தினமும் பேத்தியைக் கொண்டுவந்து விட்டுவிட்டுத் தூணோரம் உட்கார்ந்திருப்பாள். 2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ஆம் தேதி காலை வந்த ஆழிப் பேரலையில் கடலூர் ஜில்லாவில் அறுநூறு பேருக்கு மேல் மாண்டார்கள். ஆயாவின் வீட்டிலும் இழப்பு உண்டு. அதைப் பற்றி அவள் அதிகம் பேசவில்லை. அதற்குப் பிறகு வந்தவர்களைப் பற்றித்தான் பேசினாள்.

"லாரி லாரியா வந்தாங்க, டீச்சரம்மா. நல்லவங்கதான், இல்லேன்னு சொல்லலே. பழந்துணியைக் கொண்டாந்து ரோட்டோரம் மலை மாதிரி கொட்டினாங்க. கட்டிப் பார்க்க மனசு வரலே. அப்படியே மழையிலே நனைஞ்சு மக்கிப் போச்சு. போட்டோ பிடிச்சாங்க. போனாங்க. நீங்களும் பத்து நாள்லே போயிடுவீங்க, இல்லே?"

"ஆமாம், ஆயா" என்றார் ஆசிரியை. வேறு என்ன சொல்வது?

ஆயா கோபித்துக்கொள்ளவில்லை. "போயிட்டு வாங்க. பதினோராம் நாளும் இதுங்க வந்து கொட்டாய் வாசல்லே நிக்கும். அதுக்கு ஒரு வழி சொல்லிட்டுப் போங்க" என்றாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்ததும் சிதம்பரம் போக ரயில் ஏறினோம். கடலூர்த் துறைமுகத்திலிருந்து ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று ஒவ்வோர் ஊராக நின்று போகும் வண்டி அது. வழியெல்லாம் ஆயாவின் வார்த்தை எங்களோடேயே வந்தது.

சிதம்பர தரிசனத்தைப் பற்றிப் புதிதாக நாங்கள் என்ன எழுதப் போகிறோம்? ஆனந்த நடராஜனையும், அவன் சன்னிதிக்கு அருகிலேயே பள்ளிகொண்ட கோவிந்தராஜனையும் ஒரே இடத்தில் நின்று சேவிக்கலாம். கோபுர வாயிலில் 108 கரணங்களும் கல்லில் ஆடுகின்றன. மாணவிகள் இருவரும் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு நின்றதில் எங்களுக்குக் கழுத்து வலித்தது. கிறிஸ்தவ நண்பர்களும் கூடவே நின்று எண்ணினார்கள். ஆனால் அன்று எங்கள் மனத்தில் அதிகமாக நின்றவர் நந்தனார். "நாளைப் போவேன், நாளைப் போவேன்" என்று காத்திருந்து, வந்த பிறகும் வெளியே நிற்கவேண்டியிருந்த அந்த அடியார் பெயரால், சுவாமி சகஜானந்தர் இதே ஊரில் ஒடுக்கப்பட்ட குலத்துக் குழந்தைகளுக்குப் பள்ளியும் விடுதியும் நிறுவினார். அவர் கோடைக்கு வந்து போனவர் அல்ல. 1959-இல் காலமாகும் வரையில் அந்தக் குழந்தைகளோடேயே இருந்தவர்.

சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்ததற்குக் காரணமான மரத்தை ஊருக்குள் தேடிப் பயனில்லை, பிச்சாவரத்துக்குப் போகவேண்டும். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, ஏறக்குறைய 1,100 ஹெக்டேர் பரப்பில், உப்பங்கழியும் சின்னஞ்சிறு தீவுகளும் காடுமாக விரிந்து கிடக்கிறது பிச்சாவரம். படகில் ஏறி உட்கார்ந்தோம். வாய்க்கால்கள் குறுகக் குறுகச் சுரபுன்னை மரங்கள் இரு கரையிலிருந்தும் கை கோத்துப் பந்தல் போட்டன. கொம்புகள் போல வேர்கள் நீருக்குள் இறங்கி நிற்கின்றன. வெளியே அக்கினி நட்சத்திரம், உள்ளே உதகமண்டலம்! எங்களைக் கேலி செய்த நண்பரை அப்போது நினைத்துக்கொண்டோம்.

படகோட்டி தில்லை மரத்தைக் காட்டி, "பால் கண்ணிலே பட்டாக் கண் போயிடும், கிட்டே போகாதீங்க" என்று எச்சரித்தார். ஆழிப் பேரலை வந்தபோது இந்தக் காடு பின்னாலிருந்த கிராமங்களுக்கு அரணாக நின்றதென்று சொன்னார். கடலூர் ஜில்லாக் கரையை ஆராய்ந்து 2005-இல் விஞ்ஞானிகள் வெளியிட்ட கட்டுரையும் அவ்வாறே கூறுகிறது: மரச்செறிவு இருந்த இடத்தில் சேதம் குறைவு. காட்டின் மறைவில்லாமல் கடலோரத் திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு என்ற குப்பமோ அழிந்தது. தப்பியவர்களை உள்நிலத்தில் குடியமர்த்தினார்கள்.

காட்டுக்கும் ஒரு நோய் வந்து தீர்ந்த கதை உண்டு. முன்காலத்தில் பாத்தி பாத்தியாக மரங்களை மொட்டையாக வெட்டினார்கள். வெயில் நேரே பட்டு நிலம் வற்றித் தாழ்ந்து பள்ளமாயிற்று. பள்ளத்தில் புகுந்த கடல்நீர் வெளியேற வழியின்றித் தேங்கிக் காய்ந்தது, உப்பு ஏறியது, பிறகு கன்று நட்டாலும் பிழைக்கவில்லை. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் வனத்துறையோடும் அவ்வூர் ஜனங்களோடும் சேர்ந்து மீன் முள்ளைப் போல வாய்க்கால்கள் வெட்டினார்கள். ஓதம் ஏறும்போது நீர் புகுந்து, வற்றும்போது உப்பைக் கழுவிக்கொண்டு போயிற்று. அதன் பிறகு நட்ட கன்றுகள் பிடித்துக்கொண்டன. அந்த மண்ணுக்குக் கன்றைவிட முதலில் வேண்டியிருந்தது, நீர் வந்து போக ஒரு வழி.

திரும்பும்போது பரங்கிப்பேட்டையில் இறங்கினோம். ஆன் மேரி பீட்டர்ஸன் என்ற டேனிஷ் மாதைப் பற்றிப் போதகர் சொல்லியிருந்தார். 1909-இல் மிஷன் ஊழியத்துக்காக இந்தியா வந்தவர் அவர். இந்நாட்டுப் பெண்களுக்கு ஏற்ற கல்வி எது என்று தேடிப் புறப்பட்டு, 1917-இல் எஸ்தர் பேரிங் என்ற இளம் தோழியுடன் காந்திஜியின் ஆசிரமத்துக்குப் போய் அவரைக் கண்டார். எஸ்தருக்குக் காந்திஜி எழுதிய கடிதங்கள் பின்னாளில் புஸ்தகமாகவே வெளிவந்தன. அந்நிய சர்க்காருக்கு இந்த நட்பு ருசிக்கவில்லை. இருவரும் ஒருவர்பின் ஒருவராக மிஷன் சங்கத்தை விட்டு விலகினார்கள். பீட்டர்ஸன் தம் மதத்தை விடவில்லை, நாட்டையும் விடவில்லை. பரங்கிப்பேட்டையில் பெண்களுக்காக அவர் நிறுவிய தேசியப் பள்ளிக்கு 1921-இல் காந்திஜி அஸ்திவாரக் கல் நாட்டினார். 'சேவா மந்திர்' என்று அதற்குப் பெயர். 1951-இல் அவர் உயிர் பிரிந்ததும் இந்த நாட்டிலேதான்.

பரங்கியர் பெயர் ஒட்டிய ஊரில், கப்பலேறி வந்த ஒரு மாது ஊராராகவே ஆகிவிட்டார். எல்லோராலும் அப்படி இருந்துவிட முடியாது. எங்களுக்குப் பள்ளியும் தபாலாபீஸும் கல்லூரியும் காத்திருந்தன. இருக்க முடியாதவர்கள் செய்யக்கூடிய காரியம் ஒன்றுதான்: இருப்பவர்கள் கையில் வேலையை ஒப்படைப்பது. அன்றிரவு போதகரிடம் இதைச் சொன்னோம். அவர் மனத்திலும் அதுவே இருந்தது.

குப்பத்திலேயே கடலூருக்குப் போய்க் கல்லூரியில் படிக்கும் பெண்கள் இருவர் இருந்தார்கள். மிச்சமிருந்த நாட்களில் வகுப்பை அவர்கள் நடத்தினார்கள். நாங்கள் பின்வரிசையில் உட்கார்ந்து பென்சில் சீவிக் கொடுத்தோம். ஆசிரியை தமக்குத் தெரிந்த பாட முறைகளை மாலை வேளைகளில் அவர்களுக்கு மட்டும் சொல்லிக் கொடுத்தார். சனிக்கிழமை தோறும் வாசகசாலை என்று ஏற்பாடாயிற்று. எங்கே வைப்பது என்று பேச்சு வந்தபோது, கோயிலுக்குள் வேண்டாம், எல்லோருக்கும் பொதுவான வலைக் கூடத்தில் வைக்கலாம் என்று பெரியவர் சொன்னார். போதகர் உடனே ஒப்புக்கொண்டார். அலமாரியில் முதலாவதாக வைத்த புஸ்தகம் குழந்தைகள் எழுதிய மீன் நோட்டுப் புஸ்தகம். அதைப் பார்த்து ஆயா, "திருக்கையை விட்டுட்டீங்களே" என்றாள். அதையும் வரைந்து சேர்த்தார்கள்.

வாசகர்களில் பலர் வரும் கோடையில் இத்தகைய தொண்டுக்குப் போக விரும்பலாம். அவசியம் போங்கள். ஊரையும் பாருங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஊரைப் பார்க்காதவனுக்கு ஊராரை எப்படித் தெரியும்? ஆனால் புறப்படும் முன்பே, நாம் திரும்பிய மறுநாள் அந்த வேலையை யார் செய்வார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பழந்துணி மூட்டையை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

ஆடி மாதத்தில் அந்தப் பெண்களிடமிருந்து தபாலாபீஸ்காரருக்கு ஒரு கார்டு வந்தது. தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போகின்றனவாம். பெரியவருக்குச் சங்கரா நன்றாக அகப்பட்டதாம். "புஸ்தகங்கள் இப்போதைக்குப் போதும். உட்காருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். முடிந்தால் இரண்டு பாய் அனுப்புங்கள்" என்று எழுதியிருந்தார்கள். நான்கு பாய் அனுப்பினோம்.